நாலு சத்தம் வருகிற பெட்டி

இது நடந்த பிளாக் இன்னும் இருக்கிறது, நடந்ததைக் கேட்ட காதுகளும் அங்கேயேதான் குடியிருக்கின்றன, ஆகையால் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொன்னால் மூன்றாம் மாடியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்துத் திருத்திவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் சொல்கிறேன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்களுடையது கே பிளாக், நாலு மாடி, மாடிக்கு எட்டு வீடு, நடுவில் ஒரே படிக்கட்டு. ஒரு வீட்டில் தும்மினால் எதிர் வீட்டில் நூறு ஆயுசு சொல்வார்கள், கீழ்வீட்டில் ரசத்துக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டால் மேல்வீட்டிலிருந்து போட்டாச்சு என்று பதில் வரும், முப்பத்திரண்டு வீடும் காலையில் தண்ணீர் லாரி வருவதிலிருந்து இரவு சீரியல் முடிகிற வரைக்கும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும், யாரும் யாரையும் முடிக்க விட்டதில்லை, அதைக் குறையாக நினைத்ததும் இல்லை.

அந்தச் சத்தத்துக்குள் இருபத்தொன்பது வருஷமாக ஒரு வாக்கியத்தையும் முடிக்காமல் குடியிருந்தவர் கன்னியப்பன். ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் பேப்பர் வெட்டுகிற மெஷின் ஓட்டுகிறார், ரிம் ரிம்மாகக் காகிதத்தை நூல் பிசகாமல் வெட்டத் தெரிந்த கை, ஆனால் வாய் திறந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே திக்கிப் பேசுகிறவர். எங்கள் பிளாக்கில் அதற்காக அவரை யாரும் ஒருநாளும் கேலி செய்ததில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தோம். பாசத்தினால், அவர் சிரமப்படக் கூடாதே என்ற பதைப்பினால், அவர் தொடங்கியதையெல்லாம் நாங்களே முடித்துவைத்தோம். அவர் ஒரு எழுத்தைச் சொன்னால் எட்டுப் பேர் எட்டு விதமாக முடிப்போம், எது முதலில் வருகிறதோ அதுதான் அவர் சொன்னது என்று ஆகிவிடும், அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அவர் பெண் தேன்மொழி பெரம்பூரில் ஸ்கேன் சென்டர் ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, நாள் முழுக்க டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பவள். வீட்டுக்கு வந்ததும் போனில் ஒரு இசைச் செயலியைத் திறந்து, விரல்நுனி அகலத்தில் இருக்கிற கட்டைகளைத் தடவித் தடவி மெட்டுப் போடுவாள். அவள் போடுகிற மெட்டுகளில் எப்போதும் நாலு சுரம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். ஆனால் போனில் அது கொசு பாடுகிற மாதிரி கேட்குமே தவிர, அவள் மனசுக்குள் நிற்கிற மாதிரி நிற்காது. ஆகையால் பதினாலு மாதம் சேர்த்து, இருபத்தெட்டாயிரம் ரூபாய் ஆனதும், சிந்தசைசர் வாங்கப் போகிறேன் என்று ஒருநாள் மாடிப்படியில் சொல்லிவிட்டாள். மாடிப்படியில் சொன்னது முப்பத்திரண்டு வீட்டுக்கும் சொன்னதாகிவிட்டது.

“கீபோர்டுன்னு சொல்லு” என்றாள் கீழ்த்தளத்தில் இட்லி விற்கிற கெஜா அக்கா. “எரநூறு சத்தம் உள்ளயே இருக்கறது விக்குது. தவில், வயலின், நாய் கொலைக்கறது கூட இருக்குதாம்.”

“அது ரெடிமேடுக்கா. எல்லாத்தையும் செஞ்சு டப்பால போட்டு வச்சிருப்பாங்க. இது மாவு மாதிரி. சத்தத்த நாமளே கரைச்சு ஊத்திக்கணும்.”

“அப்போ எங்கூட வந்து நில்லு, நான் தெனம் அதான் செய்யறேன்.”

நாலு மாதம் தேன்மொழி பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். இருபத்தெட்டாயிரத்துக்குள் வருகிறதில் ஒன்றில் சத்தத்தை மாற்றுகிற திருகு நிறைய இருந்தது, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான் வரும். இன்னொன்றில் கட்டைகள் குழந்தைப் பல் மாதிரி சின்னது, திருகும் குறைவு, ஆனால் நாலு சத்தம் ஒன்றாக வரும். எட்டு சத்தம் வருகிற பழசு ஒன்று இருந்தது, அதன் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் சேர்ந்து பெருமூச்சு விட்டோம். கடைசியில் மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய வாத்தியம் வாங்கி விற்கிற சுலைமான் பாயிடம் முதல் இரண்டும் இருந்தன.

“முழுப் பணத்தையும் என் கையில குடுத்துடும்மா” என்றார் பாய். “ஒரு வாரம் இத எடுத்துட்டுப் போ, அடுத்த வாரம் அத எடுத்துட்டுப் போ. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வந்து எதுன்னு சொல்லிடு. மிச்சத்துக்கு வேற ஆள் காத்திருக்காரு. நீ விட்டா அவரு, அவரு விட்டா நீ, மூணாவது வழி கெடையாது.”

அப்படித்தான் முதல் வாரம் ஒற்றைச் சத்தம் வருகிற பெட்டி எங்கள் பிளாக்குக்கு வந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, தேன்மொழி அதை இரண்டாம் மாடியில் தன் வீட்டு ஜன்னலோரம் வைத்து, ஸ்பீக்கரில் சொருகி, ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தாள். பெரிய அண்டாவுக்குள் தேன் ஊற்றுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்த நேரம் நடைபாதையில் அவள் அம்மா வேதவல்லியும் கெஜா அக்காவும் கொடிக்கயிறு யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கெஜா அக்கா பேசியது கேட்டது, வேதவல்லியின் வாய் மட்டும் அசைந்தது. கீழே சங்கச் செயலாளர் லாரன்ஸ் போனில் ஹலோ என்றார், அது அவருக்கே கேட்கவில்லை. முப்பத்திரண்டு வீட்டிலும் கெஜா அக்காவின் குரல் ஒன்றுதான் இருந்தது, கொடிக்கயிறு வாங்கிய கடை, வாங்கிய தேதி, பேரம் பேசிய விதம் எல்லாவற்றையும் பிளாக்கே கைகட்டிக் கேட்டது. அவள் மூச்சுவிட நிறுத்திய இடத்தில் வேதவல்லி தொடங்கினாள், உடனே கெஜா அக்கா ஊமையானாள். தேன்மொழி கட்டையிலிருந்து விரலை எடுத்ததும், அணை திறந்த மாதிரி எல்லாச் சத்தமும் திரும்பி வந்தது.

யாரும் அலறவில்லை. முதலில் லோ வோல்டேஜ் என்று நினைத்தோம். லாரன்ஸ் மறுநாள் காலை ஹவுசிங் போர்டு அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். சத்தம் அதிகம் என்றுதான் இதுவரை மனு வந்திருக்கிறது, சத்தம் வரவில்லை என்று வருவது இதுதான் முதல் தடவை என்று அங்கிருந்த அம்மா சந்தோஷமாக முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாராம். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் பிளாக்குக்கே விதி புரிந்துவிட்டது. பெட்டி ஒலிக்கிற வரைக்கும், யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவர் சத்தம் மட்டும் இருக்கும், அவர் நிறுத்தினால்தான் அடுத்தவர். தேன்மொழி பயந்துபோய், ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கட்டுமா, அப்படியென்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று வீடு வீடாகக் கேட்டாள்.

“அதெல்லாம் வாணாம்” என்றாள் கெஜா அக்கா. “நீ வாசி. நாப்பது வருசத்துல மொத தபா நான் சொன்னது முழுசா கேட்டுகீது.”

பிறகு பிளாக் அதற்குப் பழகிக்கொண்டது, கோடைக்குப் பழகுகிற மாதிரி, லாரி வராத நாளுக்குப் பழகுகிற மாதிரி. ஆறிலிருந்து ஏழரை வரை பெட்டி நேரம் என்று ஆனது. முக்கியமான சமாச்சாரம் இருப்பவர்கள் ஐந்தரைக்கே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். நிறுத்தினால் வாய்ப்புப் போய்விடும் என்பதால் ஜனங்கள் நிறுத்தாமல் பேசக் கற்றுக்கொண்டார்கள், அதாவது என்றும் ஆகையினால் என்றும் அதுமட்டுமில்லாமல் என்றும் ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டு, லாரன்ஸ் ஒரே வாக்கியத்தில் இருபத்திரண்டு நிமிஷம் மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசி முகம் நீலம் பாரித்துப் படியில் சாய்ந்தார். மூன்றாம் மாடிக் கைக்குழந்தை அழத் தொடங்கினால் பிளாக் முழுக்க அந்த அழுகை ஒன்றுதான் இருக்கும், பால் கொடுத்து முடிகிற வரைக்கும் ஒருவராலும் ஒரு வார்த்தை பேச முடியாது, ஆகையால் ஆறு மணியானால் அந்தக் குழந்தையை ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று நாலு மாடியும் மாறி மாறித் தூக்கிவைத்துக்கொண்டது. அந்த வாரத்தில் அது மூன்று சுற்றுப் பெருத்துவிட்டது என்று அதன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

வியாழக்கிழமைதான் கன்னியப்பன் வாய் திறந்தார். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தவர், பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கும்போது, எ என்று தொடங்கினார். வேதவல்லி வாயைத் திறந்தாள், சத்தமில்லை. எதிர் வீட்டிலிருந்து நாங்கள் வாயைத் திறந்தோம், சத்தமில்லை. படிக்கட்டு நெடுக அன்பான வாய்கள் திறந்து திறந்து மூடின. திக்குவதும் நிறுத்துவதும் வேறு வேறு என்று அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருந்தது, அவர் நின்ற இடத்திலெல்லாம் அதுவும் பொறுத்து நின்றது. முழுசாக ஒரு நிமிஷம் ஆனது.

“எ... எனக்கு வெ... வெண்டைக்கா பு... புடிக்காது.”

வேதவல்லி கரண்டியோடு நின்றாள். வாரத்துக்கு மூன்று நாள், இருபத்தொன்பது வருஷம். தேன்மொழி கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

“இன்னாயா சொல்ற? புடிக்கும்னுதானே நீ...” என்று தொடங்கிய வேதவல்லி, அதைச் சொன்னது அவர் இல்லை, தான்தான் என்று பாதியிலேயே கண்டுபிடித்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர், மகளுக்குத் தான் வைக்க நினைத்த பெயர் தேவானை என்றார். பிறந்த அன்று தே என்று தொடங்கியதும் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பிளாக் ஜனம் தேன்மொழி என்று முடித்து எழுதிக்கொடுத்துவிட்டதாம். “நல்லவேளைப்பா, நடுவுல பூந்தாங்க” என்று தேன்மொழி சிரித்தாள், அவரும் தோள் குலுங்கச் சிரித்தார். சனிக்கிழமை அவர் பெண்டாட்டியைப் பார்த்து, நீ எனக்காகப் பேசினதில் பாதி சரிதான் என்று சொல்லி முடித்தார். மீதிப் பாதி என்று வேதவல்லி கேட்டாள். மீதிப் பாதிதான் நான் என்றார். அதைச் சொல்ல நாலு நிமிஷம் ஆனது, அந்த நாலு நிமிஷமும் கே பிளாக்கில் பெட்டியையும் அவர் குரலையும் தவிர வேறில்லை. அன்றைக்கு வேதவல்லி, தான் இவ்வளவு காலமும் யாரோடு குடித்தனம் நடத்தினோம் என்று கெஜா அக்காவிடம் சொல்லி அழுதாள், அழுதுவிட்டு வீட்டிலிருந்த வெண்டைக்காய் அத்தனையையும் அவளிடமே கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேன்மொழி பெட்டியை மாற்றிக்கொண்டு வந்தாள். நாலு சத்தம் வருகிறது. திங்கட்கிழமை ஆறு மணிக்கு நாலு விரலை ஒன்றாக வைத்து அழுத்தினாள், இத்தனை வருஷம் அவள் மனசுக்குள் நின்றிருந்தது வெளியே வந்து நின்றது. நாலு கொடியில் காய்கிற புடவைகள் ஒரே காற்றில் ஒன்றாக உப்பி எழுகிற மாதிரி இருந்தது என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். லாரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி என்றார். தேன்மொழியின் முகத்தை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை.

ஆனால் பிளாக்கிலும் இப்போது நாலு சத்தம் வந்தது. முதலில் வாய் திறக்கிற நாலு பேர், அது எப்போதும் வேதவல்லி, கெஜா அக்கா, லாரன்ஸ், குழந்தை. வேதவல்லி எவ்வளவு அடக்கினாலும் பழகின நாக்கு அவளுக்கு முன்னால் ஓடியது. கன்னியப்பன் ஒருமுறை ஏதோ தொடங்கினார், மூன்று பேர் மூன்று விதமாக முடித்தார்கள். அவர் தலையாட்டினார். புதன்கிழமைக்குப் பிறகு அவர் தொடங்கவே இல்லை.

தேன்மொழி அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள், பார்த்துக்கொண்டே வாசிப்பதைக் குறைத்தாள், சனிக்கிழமை பெட்டியை மூடி உறைக்குள் போட்டுவிட்டு, “ஒத்த சத்தம் வர்றதையே வாங்கிக்கறேம்மா” என்றாள்.

“அதான் சரி” என்றாள் வேதவல்லி. “உன் பாட்டு எங்க பூடப் போவுது, மெல்ல பாத்துக்கலாம். இவரு பேச்சு மறுபடி வருமா?”

கன்னியப்பன் எழுந்து நின்று, “தே... தேனு, அ... அந்த மெஷின...” என்று தொடங்கினார். பெட்டி மூடியிருந்தது. “அதையே வாங்குன்னு சொல்றாரு” என்று வேதவல்லி முடித்தாள், “ஆமாமா, அதையே வாங்கு” என்று எதிர் வீட்டிலிருந்து நாங்களும் முடித்தோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இந்த முறை தலையாட்டவில்லை. அதை நாங்கள் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் மூன்று பேருமாகப் பஸ் ஏறி சுலைமான் பாய் கடைக்குப் போனார்கள். உறைப்பையைக் கன்னியப்பன்தான் தூக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சந்து, கிதார் பார்க்க வந்த பையன்கள், டீக்காரர், லாட்டரி அடித்த மாதிரி பேசிக்கொண்டே போகிற ஜனம். பாய் ஒற்றைச் சத்தப் பெட்டியை மேஜையில் வைத்து ஹெட்போனைத் தேடினார், கடையில் எப்போதும் அதில்தான் போட்டுக் காட்டுவார், அதனால்தான் அந்தப் பெட்டியின் சங்கதி அவருக்கு இதுவரை தெரியாது. கன்னியப்பன் ஹெட்போனை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் வயரை எடுத்துச் சொருகி, பேப்பர் வெட்டுகிற அந்தக் கையால் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, சந்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மூச்சு இழுத்த நேரத்தில், முதல் எழுத்தைப் போட்டார்.

சந்து அடங்கியது. டீக்காரரின் வாய் டீ டீ என்று சத்தமில்லாமல் அசைந்தது. பாய் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“தே... தேனு. நா... நாலு சத்தம் வ... வர்றதையே வாங்கு. உ... உன் பாட்டு நாலு சத்தம். ஒ... ஒண்ண வச்சிகினு நீ இ... இன்னா பண்ணுவ?” நெற்றியில் வேர்வை இறங்கியது, அவர் கட்டையை விடவில்லை. “இ... இதுல நான் பேசறப்போ எ... எல்லாரும் கம்முனு இருக்காங்க. வா... வாய் வரல, அதனால இ... இருக்காங்க. அ... அது கேக்கறது இல்லமா. வா... வாய் வந்தும் ஒருத்தன் சும்மா இ... இருக்கறான் பாரு, அ... அதான் கேக்கறது. அ... அது மெஷின்ல வ... வராது.”

அவர் பேசி முடிக்க ஆறு நிமிஷம் என்று கிதார் பார்க்க வந்த பையன்களில் ஒருவன் பிறகு சொன்னான். கட்டையை விட்டதும் சந்தின் சத்தமெல்லாம் திரும்பி வந்தது. வேதவல்லி புடவைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்தாள். வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அது அவளாக மூடியது, எந்தப் பெட்டியும் ஒலிக்கவில்லை.

“சின்னக் கட்டைதான்பா எனக்கும் பழக்கம்” என்று மட்டும் தேன்மொழி சொன்னாள், சொல்லிவிட்டு நாலு சத்தம் வருகிற பெட்டியை எடுத்துத் தானே தோளில் மாட்டிக்கொண்டாள்.

அன்று மாலை வேதவல்லி முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். எங்கள் வீட்டு வாசலிலும் வந்து நின்று, அவர் சொன்னதைச் சொன்னாள், அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினாள், மேலே ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. பிளாக் கூட்டம் போடவில்லை, லாரன்ஸ் தீர்மானம் எழுதவில்லை, ஆனாலும் திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பெட்டி ஒலித்தபோது ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. நாலில் ஒரு சத்தம் குழந்தைக்கு, அது கேட்டா அழும்? இரண்டு சத்தம் எங்கள் எல்லாருக்கும், முறை வைத்துக்கொண்டு. நாலாவதை யாரும் தொடுவதில்லை. மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நாலாவது ஆளுக்குச் சொல்லத் தலைபோகிற சங்கதி இருந்தாலும், வாயில் சத்தம் நிறைய இருந்தாலும், அதை முழுங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். கெஜா அக்கா அந்த வாரம் அரைக்கிலோ வெற்றிலை மென்றாள், வாய்க்கு வேலை வேண்டுமே.

செவ்வாய் போனது, புதன் போனது. கன்னியப்பன் வேலையிலிருந்து வருவார், கைகால் கழுவுவார், மகள் வாசிப்பதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார், ஒன்றும் பேசமாட்டார். நாலாவது சத்தம் அவர் முன்னால் காலியாகவே கிடந்தது. நாங்கள் அவசரப்படுத்தவில்லை. வெள்ளி போனது, சனியும் போனது.

அடுத்த திங்கட்கிழமை, தேன்மொழி தன் புது மெட்டில் பாதி வந்திருந்தபோது, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வா என்றார்.

சங்கதி படியில் இறங்கி எல்லா மாடிக்கும் போனது. லாரன்ஸ் மோட்டார் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஏறி வந்தார், கெஜா அக்கா இட்லித் துணியோடு வந்தாள், குழந்தையை யாரோ தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள், நாங்கள் எதிர் வீட்டிலிருந்து வந்தோம், அந்த இரண்டாம் மாடி வாசலில் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் என்று அடைத்துக்கொண்டு நின்றோம். வா... வா... என்று அவர் முட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஒவ்வொருவர் நாக்கிலும் அதை முடிக்க ஒரு வார்த்தை துடித்தது, நாலு சத்தத்தில் மூன்று காலியாகவே இருந்தது, முடித்திருந்தால் கேட்டிருக்கும். யாரும் முடிக்கவில்லை. வேதவல்லி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி, புருஷன் என்ன சொல்லப்போகிறான் என்று முதல் தடவையாகத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தேன்மொழி நாலு விரலையும் எடுக்காமல் அந்த ஒரு கோர்வையையே நீட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம் ஆயிற்று, மூன்று நிமிஷம் ஆயிற்று, இருபத்தொன்பது வருஷத்தில் மனசுக்குள் என்னென்ன சேர்ந்திருக்குமோ, அதில் எது இப்போது வரப்போகிறதோ என்று முப்பத்திரண்டு வீடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“வா... வாசல அடைச்சிகினு நி... நின்னா காத்து வ... வராது” என்றார் கன்னியப்பன். “எ... எல்லாரும் உள்ள வந்து உ... உக்காருங்க.”

நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்தோம்.